மெலிவும் விளம்பரமும்

உடலழகு பற்றிய எண்ணம் எந்நாட்டு மக்களிடத்தும் பண்டுதொட்டே இருந்து வந்துள்ளது. தமிழ்ப் புலவர் மகளிரின் இடையைக் கொடியோடும் மின்னலோடும் உவமித்தனர். உண்டோ இல்லையோ என ஐயுறுமளவிற்கு நுண்ணியது என உயர்வுநவிற்சியாகவும் பாடினர். ஆயினும், அவ்வுவமைகள் எவரையும் தராசின்மேல் நிறுத்துவதற்கு எழுந்தவையல்ல. அவற்றைப் பாடிய புலவர் இடையை மெலிவிக்கும் மருந்து எதனையும் விற்றவருமல்லர். அழகு பற்றிய கருத்தும் பொருள் விற்பனையும் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கப்பட்டமை சென்ற நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த செய்தியாகும். அப்பிணைப்பு முழுவளர்ச்சி பெற்ற இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அதனால் விளையக்கூடிய கேட்டினை ஓரளவேனும் அளந்தறியும் வாய்ப்போ, அந்நாட்டிற்கு வெகு தொலைவிலுள்ள பீஜித் தீவிலே 1995 ஆம் ஆண்டிற்குப் பின்னரே கிட்டிற்று.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கல் வேண்டும். உணவை ஒறுத்து உடலை வாட்டும் நோயினை விளம்பரமே உண்டாக்கிற்று என்பார் உளர். அக்கூற்று வரலாற்றோடு பொருந்தாது. 14 ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த சீயெனா நகரத்துக் கத்தரீன் என்னும் துறவி உணவைப் படிப்படியாகக் கைவிட்டு, 1380 ஆம் ஆண்டில் 33 ஆம் வயதில் இறந்தார். அவர் நாடியது இறைவனை, அழகை அன்று. இலண்டன் வைத்தியர் றிச்சட் மோற்றன் 1689 ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலிலே, காய்ச்சலோ இருமலோ இன்றி எலும்புந் தோலுமாக மெலிந்துபோன இளம்பெண்ணொருத்தியின் நோயினை விரித்துரைத்துள்ளார். 1873 ஆம் ஆண்டில் இலண்டனில் சேர் வில்லியம் கல் என்பாரும் பாரிசில் சார்ள் லசேக் என்பாரும், ஒருவரையொருவர் சாராது, இந்நோயை வைத்திய உலகிற்கு முறையாக எடுத்துக் கூறினர். கல் அதற்கு இட்ட பெயர் அனொறெக்சியா நேர்வோசா என்பது. பசியின்மை எனப் பொருள்படும் இப்பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று. இந்நோயுற்றோர் பசியை அறியாதவரல்லர். பசியோடு பொருது அதனை வெல்ல முயல்பவர். மேலும், அவ்விரு வைத்தியருடைய குறிப்புகளிலும், உடல் பருத்துவிடுமோ என்னும் அச்சம் இந்நோயின் முதன்மையான குறியாக இடம்பெறவில்லை என்பது உன்னிப்பாக நோக்கற்பாலது. இன்றோ அவ்வச்சமே அந்நோயின் தலையாய குறிகளுள் ஒன்றாக வைத்திய நூல்களிற் கூறப்படுகின்றது. நோய் பழையது, அதற்குள் அச்சம் புகுந்து அமர்ந்த வரலாறு புதியது. அவ்வரலாற்றிலேதான் விளம்பரத்திற்குப் பங்குண்டு.

உடல் மெலிதலைப் பொதுமக்களிடையே பரப்பிய முதல் நூல்களுள் ஒன்றை எழுதியவர் வைத்தியருமல்லர்; வணிகநோக்கங் கொண்டவருமல்லர். வில்லியம் பான்ரிங் என்னும் அவர், இலண்டன் மாநகரிலே ஈமக்கிரியைகளுக்கான ஒழுங்குகளைச் செய்யும் தொழிலினர். வெலிங்டன் கோமகனின் இறுதிச் சடங்கை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். ஐந்தடி ஐந்தங்குல உயரமும் 202 இறாத்தல் நிறையும் உடையவராய், குனிந்து பாதணியின் நாடாவைக் கட்டவும் இயலாது வருந்திய அவர், வைத்தியர் ஒருவரின் அறிவுரைப்படி பாண், சீனி, பால், பியர், உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கி நலம் பெற்றார். பெற்ற நலத்தைப் பிறரும் பெறுக என்று 1863 ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவருடைய பெயர் உணவைக் குறைத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. அந்நூல் ஓர் ஆடவரால், தம் முதுமையில், மூச்சுத்திணறலும் மூட்டுவருத்தமும் நீங்கும் பொருட்டு எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது. பின்வந்தோர் இளம்பெண்களை நோக்கி, நலத்தை விடுத்து அழகையே பேசினர்.

19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மலிவான தாளும், விரைந்து அச்சிடும் பொறியும், நிழற்படத்தைப் புள்ளிகளாக்கிப் பதிக்கும் முறையும் ஒருங்கே வந்து சேர்ந்தன. சஞ்சிகைகளின் விலை குறைந்தது; அவற்றின் வருவாய் வாசகர் தரும் காசிலும் விளம்பரஞ் செய்வோர் தரும் பணத்திலேயே பெரிதும் தங்கிற்று. அமெரிக்கப் பெண்களுக்கென வெளிவந்த 'லேடீஸ் ஹோம் ஜேர்ணல்' 1903 ஆம் ஆண்டளவில் பத்து இலட்சம் சந்தாதாரரைப் பெற்றுவிட்டது. அதன் ஆசிரியர் எட்வேட் பொக், உட்பொருள் இன்னதெனக் கூறாது விற்கப்படும் மருந்துகளின் விளம்பரங்களை 1892 ஆம் ஆண்டிலேயே ஏற்க மறுத்தார். ஏனைய ஏடுகள் பலவற்றுக்கு அக்கண்டிப்பு இருக்கவில்லை.

அக்கால விளம்பரங்களைப் புரட்டுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். அவற்றுட் பல, உடலை மெலிவிக்க அன்று, பருக்கவைக்கவே அழைத்தன! 1890 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் அழகியென நாடெங்கும் போற்றப்பட்ட லிலியன் றஸ்ஸல் என்னும் பாடகி பருத்த உடலினர். அவரைக் கண்டு மகிழ்ந்த மக்களுக்கு, மெலிந்தவள் நோயாளியாகவும் அன்பு பெறாதவளாகவும் தோன்றினாள். ஆகவே, 1895 ஆம் ஆண்டளவில் 'பாற்-ரென்-யூ' என்னும் உணவுப் பண்டம், எலும்பு தெரியும் பெண்களைத் திரண்ட தோளினராக்கும் என்று விளம்பரஞ் செய்யப்பட்டது. அதனை விற்ற லோறிங் கம்பனியே பருத்தோரை மெலிவிக்கும் மாத்திரைகளையும் இடுப்புப் பட்டிகளையும் விற்றது என்பதே இவ்வரலாற்றின் திறவுகோல் எனலாம். ஒரே வாயிலின் இரு கதவுகள் அவை. வாசகி எந்தக் கதவைத் தட்டினாலும் காசு ஒரே பெட்டியில் விழுந்தது. மெலிவே அழகென்னும் கருத்து நன்கு வேரூன்றிய 1930 ஆம் ஆண்டுகளிலுங்கூட, இரும்புச் சத்தூட்டிய ஈஸ்ற்று மாத்திரைகளை விற்றோர், ஒல்லியான பெண்ணை ஆடவர் ஏறெடுத்தும் பாரார் என்று படக்கதைகளாக வரைந்து அச்சிட்டனர். விளம்பரத்திற்குக் கொழுப்பின்மீது பகையுமில்லை, மெலிவின்மீது காதலுமில்லை. அதற்கு வேண்டியது கண்ணாடி முன் நின்று மனம் நொந்துகொள்ளும் ஒருத்தி. அவள் எதன் பொருட்டு நொந்துகொள்கிறாள் என்பதைக் காலமும் நாகரிகமும் தீர்மானித்தன.

முதலாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் நாகரிகம் மெலிவின் பக்கம் சாய்ந்தது. குட்டை ஆடை, அளவு எண் குறிக்கப்பட்டுத் தைத்து விற்கப்படும் உடுப்பு, திரைப்படம், நீச்சலுடையணிந்த மகளிர் அணிவகுப்பு ஆகியன உடலின் வடிவைப் பலர் பார்வைக்கு உரியதாக்கின. அத்லாந்திக் நகரத்தில் அமெரிக்க அழகிப் போட்டி 1921 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. இவற்றிலும் ஆழமான மாறுதல் உடல் எண்ணாக மாறியமை. காசு போட்டால் நிறை காட்டும் பொறிகள் புகையிரத நிலையங்களிலும் கடைவாயில்களிலும் நிறுவப்பட்டன. வெப்பத்தை அளக்க வகுத்த கலோரி என்னும் அலகு, உண்ணும் சோற்றையும் அளக்கும் அலகாயிற்று. லூலு ஹன்ற் பீற்றர்ஸ் என்னும் பெண் வைத்தியர் 1918 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பாண் துண்டு என்று கூறாது இத்தனை கலோரி பாண் என்று கூறும்படி வாசகரைப் பழக்கினார். போர்க்காலத்தில் உணவைப் பதுக்குதல் குற்றமாயின், அதனை உடலிற் கொழுப்பாகப் பதுக்குதலும் குற்றமே என்பது அவர் வாதம். நகைச்சுவையோடு எழுதப்பட்டதாயினும் அவ்வாதம் நிறையை ஒழுக்கத்தோடு இணைத்துவிட்டது. 1924, 1925 ஆகிய ஈராண்டுகளிலும் அமெரிக்காவிற் புனைகதையல்லாத நூல்களுள் மிகுதியாக விற்பனையானது அந்நூலே.

எண்ணும் ஒழுக்கமும் ஒன்றுசேர்ந்த இந்நிலத்திலே சிகரெட்டு வணிகர் வந்து விதைத்தனர். அமெரிக்கப் புகையிலைக் கம்பனியின் தலைவர் ஜோர்ஜ் வாஷிங்டன் ஹில், பெண்களைப் புகைபிடிக்கச் செய்தால் சந்தை இருமடங்காகும் என்று கணக்கிட்டவர். 1928 ஆம் ஆண்டில் அவருடைய கம்பனி, இனிப்புக்குப் பதிலாக ஒரு 'லக்கி ஸ்ரைக்' சிகரெட்டை நாடுக என்னும் முழக்கத்தை நாடெங்கும் பரப்பிற்று. விளம்பர நிபுணர் அல்பேட் லாஸ்கர் அச்சு விளம்பரங்களை நடத்தினார். எட்வேட் பேர்னேஸ் என்பாரின் பணியோ விளம்பரமெனத் தோன்றாத விளம்பரத்தைச் செய்தல். அவர் மெல்லிய உருவைப் புகழும் நிழற்படக் கலைஞர்களின் கூற்றுகளையும், இனிப்பைக் குறைகூறும் வைத்தியர்களின் கூற்றுகளையும் திரட்டிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். விடுதிகளின் உணவுப் பட்டியலில் இறுதியில் வரும் இனிப்புகளோடு சிகரெட்டையும் சேர்க்கத் தூண்டினார். வாசகர் அவற்றைச் செய்தியென நம்பினர். சிகரெட்டின் பெயர் குறிக்கப்படாத இடத்திலுங்கூட, மெலிவே அழகு என்னும் எண்ணம் வளர்ந்தாற் போதும், சிகரெட்டு தானே விற்கும் என்பது அவருடைய கருத்து. நாகரிகத்தைப் பின்தொடர்ந்து வந்த விளம்பரம் இங்கு நாகரிகத்தையே ஆக்க முற்பட்டது.

இனிப்புப் பண்டம் செய்வோர் சினந்தெழுந்தனர். பீற்றுக்கிழங்குச் சீனி விளையும் யூற்றா மாநிலத்தின் செனற்றர் றீட் ஸ்மூற், 1929 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் செனற் சபையிலே புகையிலை விளம்பரங்களைக் கடுமையாகத் தாக்கினார். பெண்களின் நலத்தினும் சீனியின் விலையே அவ்வாதத்திற்குப் பெரிதும் வலுவூட்டியது என்று ஐயுற இடமுண்டு. கூட்டாட்சி வணிக ஆணைக்குழு தலையிட்டதன் பயனாக, சிகரெட்டு மெலிவிக்கும் என்று வெளிப்படையாகக் கூறுதலைக் கம்பனி கைவிட்டது. ஆயின், கைவிட்ட விதம் சுவையானது. 1930 ஆம் ஆண்டு விளம்பரங்களில் ஓர் அழகிய பெண்ணின் முகம். அதன் பின்னே, இரட்டைத் தாடையோடு பருத்துப்போன அவளுடைய வருங்கால நிழல். நிழலைக் கண்டு அஞ்சுக என்பது பெரிய எழுத்தில். புகைபிடித்தலால் உடல் குறையும் என யாம் கூறவில்லை என்னும் மறுப்புச் சிறிய எழுத்தில். சட்டம் கேட்ட சொற்கள் அச்சேறின. வாசகியின் நெஞ்சிற் பதிந்ததோ நிழல். லக்கி ஸ்ரைக் சில ஆண்டுகளுள் விற்பனையில் முதலிடத்தை எட்டிற்று.

மருந்து வணிகத்தின் கதை இதனினும் கொடியது. மர்மோலா என்னும் மாத்திரையில் விலங்குகளின் தைரொயிட்டுச் சுரப்பியை உலர்த்திய பொடி கலந்திருந்தது. வைத்தியரின் மேற்பார்வையின்றி உண்டால் இதயத்திற்குக் கேடு விளைவிக்கக்கூடிய அதனைத் தீங்கற்றதென விளம்பரஞ் செய்தலை வணிக ஆணைக்குழு தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1931 ஆம் ஆண்டுத் தீர்ப்பில், போட்டி வணிகர் எவரும் நட்டமுற்றமை காட்டப்படாமையால் ஆணைக்குழுவிற்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றம் கூறிற்று. வாங்கி உண்டவள் கேடுற்றால் அது வழக்கன்று; எதிர்க்கடைக்காரன் நட்டமுற்றாலே வழக்கு! இக்குறையை நீக்க 1938 ஆம் ஆண்டிலே சட்டம் திருத்தப்பட்டது. அதற்குள் டைநைத்திரோபீனோல் என்னும் வேறொரு மெலிவு மருந்து பலருடைய கண்களைப் பூப்படர்ந்து ஒளியிழக்கச் செய்து, சிலரைக் கொன்றும்விட்டது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மெற்றோபொலிற்றன் ஆயுட்காப்புறுதிக் கம்பனி, உயரத்திற்கேற்ற நிறையின் அட்டவணைகளை வெளியிட்டது. 1959 ஆம் ஆண்டில் அவை திருத்தப்பட்டன. காப்புறுதிக் கட்டணத்தைக் கணிக்க எழுந்த கணக்கு வைத்தியசாலைச் சுவர்களிற் பொதுவிதியாய் ஏறிற்று. உணவுக்கு ஈடான பானங்கள், சீனியில்லாச் சோடாக்கள், 1963 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 'வெயிற் வாச்சர்ஸ்' என்று வணிகம் விரிந்தது. 1966 ஆம் ஆண்டில் 'ருவிக்கி' எனப்பட்ட இலண்டன் சிறுமி, சிறுவனொத்த மெலிந்த உடலோடு உலகச் சஞ்சிகைகளின் அட்டைகளை நிறைத்தாள்.

இதனை அடுத்த காலத்திலேதான், முன்னர் அரிதாயிருந்த நோய் வைத்தியரிடம் அடிக்கடி வரலாயிற்று. ஹில்ட புறூக் என்னும் மனநோய் வைத்தியர் 1973, 1978 ஆம் ஆண்டுகளில் எழுதிய நூல்கள், வசதியுள்ள குடும்பங்களின் கெட்டிக்காரப் பெண்பிள்ளைகள் பட்டினியால் உருகுவதைப் பெற்றோர்க்கு உணர்த்தின. மிகுதியாக உண்டு பின் வாந்தியெடுக்கும் நோயை ஜெரல்ட் றஸ்ஸல் 1979 ஆம் ஆண்டிற் புலிமியா நேர்வோசா என வேறுபிரித்தார். மறு ஆண்டில் கானர் என்பாரும் அவர்தம் தோழரும் வெளியிட்ட ஆய்வு, 1959 ஆம் ஆண்டு முதல் இருபதாண்டுக் கால அழகிப் போட்டியாளரின் நிறை வரவரக் குறைந்தமையையும், அதே காலத்தில் அந்நாட்டு இளம்பெண்களின் சராசரி நிறை கூடியமையையும், பெண்கள் சஞ்சிகைகளில் உணவுக்குறைப்புக் கட்டுரைகள் பெருகியமையையும் ஒருங்கே காட்டிற்று. படமும் பார்ப்பவளும் எதிரெதிர்த் திசையில் நடந்தனர். பாடகி கரென் கார்ப்பென்ரர் 1983 ஆம் ஆண்டு பெப்புருவரி 4 ஆம் நாள், 32 ஆம் வயதில், பட்டினி நைவித்த இதயத்தோடு இறந்தபோதுதான் பொதுமக்கள் பலர் இந்நோயின் பெயரையே முதன்முதற் கேட்டனர். மனநோய்களுள் மிகுதியாக உயிர் கொள்வனவற்றுள் இஃது ஒன்று.

ஒருங்கு நிகழ்ந்தன என்பதனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. அமெரிக்காவில் விளம்பரம் படாத பெண்ணொருத்தியை எங்கே தேடுவது? ஒப்புநோக்க ஒருவரும் இன்மையால் வாதம் முடிவின்றி நீண்டது. அவ்வொப்பீடு பீஜியிற் கிடைத்தது.

கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யச் சென்ற தென்னிந்தியரின் வழித்தோன்றல்களும் வாழும் நாடு பீஜி. எனினும், இங்குக் கூறப்படும் ஆய்வு அத்தீவின் பழங்குடி மக்களைப் பற்றியது. அவர்களிடையே திரண்ட உடல் உழைப்பின் வலிமைக்கும் உற்றாரின் பேணுதலுக்கும் சான்று. ஒருவர் மெலிந்தால், அவரைக் கவனியாது விட்டனர் என்ற பழி குடும்பத்தைச் சாரும். உணவில் விருப்பங் குன்றுதலை ஒரு நோயாகவே கொண்டு, மூலிகை கொடுத்துப் பசியை மீட்டனர். விருந்தினரை வயிறாற உண்ணுமாறு வற்புறுத்துதல் அவர்தம் பண்பு. மெலிவதற்கென எவரும் உணவை விலக்குதல் அங்கு அறியப்படாத வழக்கமாக இருந்தது. ஹாவட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலறிஞரும் மனநோய் வைத்தியருமாகிய ஆன் பெக்கர் இம்மக்களிடையே பல்லாண்டு பழகி, இவற்றை 1995 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டிருந்தார்.

அவ்வாண்டிலேயே நட்றோகா என்னும் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. வந்து சில வாரங்களுக்குள், பாடசாலை மாணவியர் 63 பேரிடம் உணவு பற்றிய மனப்பாங்கை அறியும் வினாக்கொத்தினை பெக்கர் அளித்தார். மூன்றாண்டுகளின் பின், 1998 இல், அதே வயதினர் 65 பேரிடம் அதனை மீண்டும் அளித்தார். கேடான மனப்பாங்கைக் காட்டும் புள்ளிகளைப் பெற்றோர் முன்னர் நூற்றுக்கு 12.7 வீதம், பின்னர் 29.2 வீதம். நிறையைக் குறைக்க வலிந்து வாந்தியெடுத்தோர் முன்னர் ஒருவருமிலர்; பின்னர் நூற்றுக்கு 11.3 வீதம். 1998 ஆம் ஆண்டு மாணவியருள் நூற்றுக்கு 74 வீதத்தினர், தாம் மிகப் பருத்துவிட்டதாகச் சிலவேளையேனும் உணர்ந்ததாகக் கூறினர். வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி உடையோரிடத்து இம்மனப்பாங்கு காணப்படும் வாய்ப்பு ஏனையோரிலும் மும்மடங்கு. 2002 ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வுக்கும் குறைகள் உண்டு. மாணவியர் தொகை சிறிது. இரு முறையும் வினாவப்பட்டோர் வெவ்வேறு பிள்ளைகள். வினாக்கொத்து நோயறிவிக்கும் கருவியுமன்று. இவற்றையெல்லாங் கழித்த பின்னும், வேறெந்த ஆய்வும் இத்துணைத் தெளிவாக முன்னையும் பின்னையும் காட்டியதில்லை எனல் மிகையாகாது.

அம்மாணவியர் கூறிய காரணமே எண்ணிக்கையினும் சிந்திக்கத்தக்கது. அமெரிக்கத் தொடர்களில் வரும் பெண்கள் மெலிந்தவர். நல்ல உத்தியோகமும் பணமும் உடையவர். ஆகவே மெலிந்தால் தமக்கும் உத்தியோகம் கிட்டும் என்று அவர்கள் எண்ணினர். கிராமத்துத் தோட்டவேலையை விட்டு நகர்ப்புற வேலையை நாடிய தலைமுறை அது. அவ்வேலைக்குச் செல்லும் வழியைக் காட்டுவார் வேறு எவருமின்மையால் தொலைக்காட்சி காட்டிய வழியை நம்பியது. வீண் பகட்டென்று அவர்களை ஏளனஞ் செய்தல் நீதியன்று. 523 மாணவியரை ஆராய்ந்து 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் வேறொன்றும் தெரிய வந்தது. வீட்டில் தொலைக்காட்சி இல்லாதவளாயினும், அவளுடைய தோழியர் அதனைப் பார்ப்பவராயின், கேடு அவளையும் அணுகிற்று. பெட்டியை அணைத்து வைக்கும் தந்தையால் மகளின் தோழியரை அணைத்து வைக்க இயலாது.

2006 ஆம் ஆண்டில் உருகுவே, பிரேசில் ஆகிய நாடுகளைச் சேர்ந்த உடைக்காட்சி அழகியர் இருவர் பட்டினியோடு தொடர்புற்ற நோயால் இறந்தனர். இஸ்ரவேல் 2012 ஆம் ஆண்டிலும் பிரான்சு 2015 ஆம் ஆண்டிலும் அழகியரின் உடல்நலத்திற்கு வைத்தியச் சான்று வேண்டுமெனச் சட்டமியற்றின. உருவைத் திருத்திய வணிகப் படத்தில் திருத்தப்பட்டது எனக் குறித்தல் பிரான்சில் 2017 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் தேதியிலிருந்து கட்டாயமாயிற்று. நோர்வே 2022 ஆம் ஆண்டில் அவ்விதியைச் சமூக ஊடகங்களில் பணம் பெற்று விளம்பரம் இடுவோர்க்கும் விரித்தது. இன்று விளம்பரப் படத்திற்கும் தோழியின் படத்திற்கும் வேறுபாடு காண்டல் அரிது. இன்ஸ்டகிராம் பருவப் பெண்பிள்ளைகள் பலருக்குத் தம் உடல்மீதுள்ள வெறுப்பை மிகுவிக்கின்றது என அதனை நடத்தும் நிறுவனத்தின் உள்ளாய்வுக் குறிப்புகளே கூறியமை 2021 ஆம் ஆண்டில் அம்பலமாயிற்று. அவை பிழையாகப் பொருள்கொள்ளப்பட்டன என அந்நிறுவனம் மறுத்தது.

திருத்தப்பட்ட படம் என்னும் குறிப்பு என்ன பயன் தருகின்றது என அவுஸ்திரேலிய உளவியலார் சோதித்துப் பார்த்துள்ளனர். குறிப்போடு படத்தைக் கண்ட பெண்களின் மனக்குறை, குறிப்பின்றிக் கண்டோரினதிலும் பெரும்பாலும் குறைந்திலது. இன்ன உறுப்புத் திருத்தப்பட்டது என்று விரித்து எழுதிய வேளையில், கண்ணின் அசைவை அளந்த கருவி காட்டியது இது: பார்ப்பவரின் பார்வை அவ்வுறுப்பின் மேலேயே சென்று நின்றது.